அளவு மாறும் பைண்டு இதழ்களுக்கு அலமாரி: சிங்கப்பூர்ச் சங்க நூலகங்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு சங்கமோ கோயிலோ நூலகம் வைப்பதாக முடிவெடுத்தால் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது அலமாரிதான். யாரோ ஒருவர் அலுவலகத்தைக் காலி செய்வார், பழைய இரும்பு அலமாரி சும்மா கிடைக்கும், லாரி வைத்து ஏற்றிவந்து நிறுத்திவிடுவார்கள். நாவலும் கவிதைத் தொகுப்பும் அதில் ஒழுங்காக நின்றுவிடும். பைண்டு செய்த இதழ்கள் வந்து இறங்கும்போதுதான் வம்பு தொடங்கும். சின்ன மாத இதழின் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் வீணாகக் கிடக்கும். பக்கத்துத் தட்டில் பெரிய வார இதழ் நிமிர்ந்து நிற்க முடியாமல் படுத்திருக்கும். செய்தித்தாள் பைண்டுகள் அலமாரியின் உச்சியில் ஏறித் தூசி வாங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் இதழ், அடுத்து தளம், பிறகு அறை, கடைசியில்தான் அலமாரி. ஏற்கெனவே அலமாரி வாங்கிவிட்டவர்களுக்கும் இது உதவும். தட்டுகளைக் கழற்றி ஏற்றி இறக்க முடிகிற அலமாரியாக இருந்தால் போதும்.

1. எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்

அளப்பதற்கு முன் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் போடும் இடக் கணக்கு எல்லாமே ஊதிப்போன கணக்கு.

நன்கொடை எப்படி வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வீடு மாறும்போது, அல்லது பெரியவர் காலமான பிறகு, பிள்ளைகள் அழைக்கிறார்கள். "அண்ணே, அப்பா சேர்த்து வச்சது. பழைய பேப்பர் எடுக்குற கேரங்குனிக்குப் போட மனசு வரலை. நீங்க எடுத்துக்குறீங்களா?" இப்படிக் கேட்டால் யாருக்கு வாய் வரும், வேண்டாமென்று சொல்ல? எடுத்து வந்துவிடுவோம். அந்தப் பெட்டிகளில் மூன்று வகை இருக்கும். இதழ் இதழாக வரிசையாகப் பைண்டு செய்தவை ஒன்று. வார இதழிலிருந்து தொடர்கதையை மட்டும் கிழித்தெடுத்து வீட்டிலேயே தைத்தவை இன்னொன்று. மூன்றாவது, பைண்டே செய்யாத உதிரிகள்.

முதல் வகைக்குத்தான் இந்தத் திட்டம். தொடர்கதைப் பைண்டு இதழ் வரிசையில் சேராது. அதைக் கதையின் பெயரில் நாவல் பகுதியில் வைத்துவிடுங்கள், ஓவியத்தோடும் பின்பக்க விளம்பரத்தோடும் இருப்பதால் அதற்கென்று வாசகர் உண்டு. உதிரிகளைப் பெட்டியில் போட்டு, பைண்டுக்குப் போகும்வரை ஒரே இடத்தில் வையுங்கள்.

கழிப்பதில் என் அளவுகோல் எளிது. தமிழகத்து வெகுஜன இதழ்களின் உடைந்த வரிசைகளில் கைதாராளம் வேண்டாம். ஆனந்த விகடன் 1926இலும், கல்கி 1941இலும், குமுதம் 1947இலும் தொடங்கியவை. நம் கையில் இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுத் துண்டு எந்த ஆய்வாளருக்கும் பெரிதாக உதவாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இங்கே அச்சான சங்க மலர், பள்ளி ஆண்டிதழ், கோயில் கும்பாபிஷேக மலர், நின்றுபோன உள்ளூர்ச் சிற்றிதழ் ஆகியவற்றை மட்டும் ஒரு பிரதி ஒல்லியாக இருந்தாலும் விடாதீர்கள். அவை வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

செய்தித்தாளுக்கு வேறு கணக்கு. தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் அதன் பழைய இதழ்களைத் தேடிப் படிக்க முடியும். 1887இல் தொடங்கிய சிங்கை நேசனும் மின்வடிவில் உண்டு. அதனால் செய்தித்தாள் பைண்டுக்கு இடம் ஒதுக்கும் முன் அந்த ஆண்டு அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு செய்தித்தாள் பைண்டு பிடிக்கும் இடத்தில் பத்துச் சிற்றிதழ்த் தொகுதிகள் வைக்கலாம்.

உங்கள் சங்கமே இதழ் நடத்துகிறதென்றால் ஒரு சின்ன நினைவூட்டல்: சட்டப்படி ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதிகளை, வெளியான நான்கு வாரத்துக்குள், தேசிய நூலக வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும்.

2. அளவு நாடாவை எடுங்கள்

ஒவ்வொரு தொகுதியையும் அளக்கத் தேவையில்லை. ஒவ்வோர் இதழையும், அந்த இதழ் எப்போதெல்லாம் அளவு மாறியதோ அந்தந்தக் காலகட்டத்தையும் அளந்தால் போதும். பழைய ஆனந்த விகடனும் இன்றைய விகடனும் ஒரே உயரம் இல்லை. பெரும்பாலான நீண்டகால இதழ்களுக்கு இந்தக் கதை உண்டு. தாள் விலை ஏறினால் சுருங்கும், ஆசிரியர் மாறினால் பெரிதாகும்.

ஒரு காலகட்டத்துக்கு நான்கு எண் எழுதுங்கள், எல்லாம் மில்லிமீட்டரில்:

உயரம். அட்டையோடு சேர்த்து, அந்தக் காலகட்டத்தின் மிக உயரமான தொகுதியை அளக்கவும். சராசரி இங்கே பயன்படாது. ஏ4 தாள் 297 மி.மீ. என்றாலும் பைண்டு அட்டை மேலும் கீழும் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், ஆக 303.

அகலம். முதுகிலிருந்து திறக்கும் ஓரம் வரை. தட்டின் ஆழத்தை முடிவு செய்வது இதுதான்.

தடிமன். முதுகுப் பக்கத்தில் அளக்கவும். தைத்த பைண்டு முதுகில்தான் உப்பியிருக்கும். திறக்கும் ஓரத்தில் அளந்தால் ஒவ்வொன்றுக்கும் சில மில்லிமீட்டர் குறைவாக வரும். இருபது தொகுதி சேரும்போது கடைசி இரண்டு தட்டில் ஏறாது. தடிமனுக்கு மட்டும் சராசரி எடுத்தால் சரி: பத்துத் தொகுதிகளை நெருக்கி நிறுத்தி மொத்தத்தை அளந்து பத்தால் வகுங்கள்.

எடை. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசே போதும். அதே பத்துத் தொகுதிகளை ஏற்றிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இதோடு இரண்டு குறிப்பு சேருங்கள். இதழ் இன்னும் வருகிறதா, நின்றுவிட்டதா? வருகிறதென்றால் ஆண்டுக்கு எவ்வளவு தடிமன் சேரும்? ஓர் எடுத்துக்காட்டு: 4 மி.மீ. தடிமனுள்ள வார இதழ் ஆண்டுக்கு 52 என்றால் 208 மி.மீ. தாள் மட்டும். அதை நான்கு தொகுதியாகப் பிரித்தால் ஒவ்வோர் அட்டைக்கும் ஐந்தாறு மில்லிமீட்டர் கூடி ஆண்டுக்கு ஏறக்குறைய 23 செ.மீ. பத்தாண்டில் 2.3 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று தட்டு. 5 மி.மீ. மாத இதழோ ஆண்டுக்கு இரண்டே தொகுதி, ஏறக்குறைய ஏழு செ.மீ.தான். ஒரு வார இதழைத் தொடர்ந்து வாங்கலாமா என்று செயற்குழுவில் பேச்சு வரும்போது சந்தா எத்தனை வெள்ளி என்பதோடு இந்தக் கணக்கையும் மேசையில் வையுங்கள்.

பைண்டுக்கு இனிமேல் கொடுக்கப்போவதாக இருந்தால் தடிமனை 5 செ.மீ. அளவில் நிறுத்துங்கள். கூலி மிச்சமென்று ஓர் ஆண்டு வார இதழையும் ஒரே அட்டைக்குள் திணித்தால் சில ஆண்டுகளில் மேலட்டை கீல் பிய்ந்து தனியாக வரும். இதழின் நடுவே இருக்கும் இரும்புப் பின்களைக் கழற்றச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் அவை துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.

3. மூன்று அளவு, அதற்கு மேல் வேண்டாம்

தட்டுக்கு மேல் எவ்வளவு இடம் என்பதை அந்தத் தட்டில் நிற்கும் மிக உயரமான தொகுதியே தீர்மானிக்கிறது. 22 செ.மீ. தொகுதிகள் இருபதுக்கு நடுவே ஒரு 36 செ.மீ. மலர் நின்றால் அந்தத் தட்டு முழுவதும் 36 செ.மீ. தட்டுதான். ஆகவே உயரத்தால் பிரிக்காமல் இடத்தை மிச்சப்படுத்த வழியில்லை. அதற்காக ஆறேழு வகையாகப் பிரித்தால் எது எங்கே இருக்கிறதென்று தேடுகிறவருக்குத் தலைசுற்றும். நான் சொல்வது மூன்று:

சிறியது: 25 செ.மீ. வரை. மஞ்சரி போன்ற கையடக்க மாத இதழ்கள், பெரும்பாலான சிற்றிதழ்கள், ஆய்விதழ்கள்.

நடுத்தரம்: 30.5 செ.மீ. வரை. ஏ4 அளவையொட்டிய எல்லாம். இன்றைய வார, மாத இதழ்களில் பெரும்பகுதி.

பெரியது: 38 செ.மீ. வரை. ஆண்டு மலர்கள், பெரிய படப் பத்திரிகைகள்.

அதற்கு மேல் போவது செய்தித்தாள். அது நிற்காது, படுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே இதழ் நடுவில் அளவு மாறியிருந்தால் என்ன செய்வது? இங்கேதான் ஆளுக்கு ஆள் வாதம். நூலகவியல் படித்தவர்கள் வரிசையை உடைக்காதே என்பார்கள். இடமில்லாதவர்கள் உடை என்பார்கள். மாற்றம் நிரந்தரமாக இருந்தால், அதாவது ஓர் ஆண்டிலிருந்து இதழ் பெரிதாகி அப்படியே தொடர்ந்தால், அங்கே உடைப்பதே சரி. பழைய வரிசை முடியும் இடத்தில் முதுகளவு ஒரு மரக்கட்டையோ கெட்டி அட்டையோ வைத்து, "1987 முதல் நடுத்தர வரிசையில், அலமாரி 5" என்பதுபோல் எழுதி ஒட்டுங்கள். ஆனால் நூறு தொகுதிக்கு நடுவே நாலைந்து மட்டும் ஓரிரு செ.மீ. உயரமாக இருந்தால் உடைக்காதீர்கள். அந்த ஒரு தட்டை மட்டும் ஒரு துளை ஏற்றிவிட்டால் முடிந்தது.

தீபாவளி மலர் தனி இனம். வார இதழின் எண் வரிசையில் சேராது, அளவும் மாறும். எல்லா இதழ்களின் மலர்களையும் சேர்த்து ஆண்டு வாரியாக ஒரே இடத்தில், பெரிய அளவில், வைத்துவிடுவது நல்லது. வருகிறவர்களும் மலர் என்றுதான் கேட்கிறார்கள்.

4. கணக்கு

ஒரு தட்டின் இடைவெளி என்பது தொகுதியின் உயரம், விரல் நுழைய 25 மி.மீ., தட்டின் தடிமன் ஏறத்தாழ 25 மி.மீ. இந்த மூன்றின் கூட்டல். விரல் இடத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுப்பார்கள், அங்கேதான் பைண்டு முதலில் கிழியும்.

நூலக அலமாரி வழக்கமாக 90 செ.மீ. அகலம், 2.25 மீட்டர் உயரம். அடிப்பீடம் 10 செ.மீ. போனால் 2150 மி.மீ. மிச்சம். தூண்கள் போகத் தட்டில் கையில் கிடைப்பது 87 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறியதற்கு 250 + 50 = 300. ஓர் அலமாரியில் 7 தட்டு.
நடுத்தரத்துக்கு 305 + 50 = 355. 6 தட்டு.
பெரியதற்கு 380 + 50 = 430. 5 தட்டு.

இப்போது ஒரு கற்பனை நூலகத்தைப் போட்டுப் பார்ப்போம். சிறியது 420 தொகுதி, சராசரித் தடிமன் 3.5 செ.மீ. ஆக 14.7 மீட்டர். நடுத்தரம் 210 தொகுதி, 5 செ.மீ., ஆக 10.5 மீட்டர். பெரியது 36 தொகுதி, 5 செ.மீ., ஆக 1.8 மீட்டர்.

முதல் நாளே தட்டை நிரப்பக் கூடாது. முக்கால்வாசி மட்டும் நிரப்புவதாகக் கணக்கிட்டால் ஒரு தட்டுக்கு 65 செ.மீ. அப்படியானால் சிறியதற்கு 23 தட்டு, நடுத்தரத்துக்கு 17, பெரியதற்கு 3. மொத்தம் 43.

அளவு பிரிக்காமல் எல்லாவற்றையும் பெரியதன் இடைவெளியில் வைத்தால் 43 தட்டுக்கு 9 அலமாரி வேண்டும். பிரித்தால்? சிறியதில் 21 தட்டு மூன்று அலமாரியில் அடங்கும். நடுத்தரத்தின் 17 தட்டு இன்னொரு மூன்றில் அடங்கி ஒரு தட்டு மிஞ்சும். கடைசி அலமாரியில் கீழே பெரியது மூன்று தட்டு (1290 மி.மீ.), மேலே சிறியதன் எஞ்சிய இரண்டு தட்டு (600 மி.மீ.). மொத்தம் 1890, அதற்கும் மேல் 26 செ.மீ. இடம் இருக்கிறது. ஏழு அலமாரியில் வேலை முடிந்தது. தேக்கா பக்கம் வாடகை கொடுக்கிறவர்களுக்கு அந்த இரண்டு அலமாரி இடத்தின் அருமை தெரியும்.

இதில் ஒரு திருத்தம் செய்யலாம். நின்றுபோன இதழ்களுக்கு முக்கால்வாசி விதி வேண்டாம், நெருக்கி நிரப்பலாம். அங்கே மிச்சமாகும் இடத்தை இன்னும் வந்துகொண்டிருக்கும் இதழ்களின் பின்னால் விடுங்கள். காலியிடத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால் வளராத இதழிடம் இடம் இருக்கும், வளரும் இதழ் மூன்றே ஆண்டில் முட்டி நிற்கும்.

ஏழு தட்டு வைத்தால் உச்சித்தட்டு தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். தொண்டூழியர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அங்கே நின்றுபோன, ஒல்லியான இதழ்களை மட்டும் வையுங்கள், கீழே ஓர் உறுதியான படிமுக்காலி போடுங்கள். கனமானவை முழங்காலுக்கும் தோளுக்கும் இடையே இருக்கட்டும்.

5. தளம் தாங்குமா?

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

30 செ.மீ. உயரம், 22 அகலம், 5 தடிமன் என்றால் 3300 கன செ.மீ. சாதாரணத் தாளுக்கு கன செ.மீட்டருக்கு 0.8 கிராம் வைத்தால் ஒரு தொகுதி 2.6 கிலோ. ஒரு தட்டில் 17 நிற்கும், 44 கிலோ. பளபளப்புத் தாளாக இருந்தால் 60 கிலோவைத் தாண்டும். ஆறு தட்டு நிரம்பினால் ஓர் அலமாரியில் சாதாரணத் தாளே 265 கிலோ, இரும்பின் எடை தனி.

அந்த அலமாரி 30 செ.மீ. ஆழம், முன்னால் 90 செ.மீ. நடைபாதையில் பாதியை அதன் பங்காகச் சேர்த்தால் முக்கால் மீட்டர். 90 செ.மீ. அகலத்தோடு பெருக்கினால் 0.675 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 390 கிலோ வருகிறது. குடியிருப்புத் தளங்களுக்கு வழக்கமாக எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். அமெரிக்க விதிப்படி நூலக அடுக்கு அறைக்குச் சதுர அடிக்கு 150 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 730 கிலோ. பழைய பிரிட்டிஷ் விதியும் அடுக்கு அறைக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 6.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 660 கிலோ, கேட்டது. வீட்டு அறை ஒன்றை அப்படியே நூலக அடுக்கு அறையாக மாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல?

சுவரோரம் ஓர் அலமாரி வைப்பதும் அறை நடுவில் இரட்டைப் பக்க அலமாரிகளை நிரை நிரையாக நிறுத்துவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்வதாக இருந்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடோ கடைவீட்டின் மாடியோ, பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். அவரிடம் "புத்தகம் வைக்கப்போகிறோம்" என்று மட்டும் சொல்லாமல் மேலே போட்ட கணக்கைக் காட்டுங்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பழைய கடைவீடுகளின் மாடித்தளம் பல இடங்களில் மரம். உத்தரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ப் பொதுச்சுவருக்குப் போகும். அந்தச் சுவர்களை ஒட்டி அலமாரி வைத்தால் சுமை பல உத்தரங்களின் நுனியில் பகிர்ந்து விழும். நடுக்கூடத்தில் வைத்தால் உத்தரம் தொய்யும். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம், கட்டடத்தில் மாற்றம் செய்ய நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டியிருக்கும். கீழ்த்தளம் கிடைத்தால் இதழ்களை அங்கே வைத்து, நாவல்களையும் வாசிப்பு மேசையையும் மாடிக்கு அனுப்புங்கள்.

தண்டவாளத்தில் நகரும் நெருக்க அலமாரி இடத்தைப் பாதியாக்கும் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். அதே பாதி இடத்தில் முழு எடையும் வந்து நிற்கும் என்பதை நீங்கள் கேட்டால்தான் சொல்வார். மூடிக்கிடக்கும்போது உள்ளே காற்றும் போகாது. சின்னச் சங்கத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

6. அறை

இந்த ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டுக்கு மேல். 65க்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒரு ஈரமானி வாங்கி அலமாரியின் கீழ்த்தட்டில், சுவர்ப் பக்க மூலையில் வையுங்கள். அறை நடுவில் வைத்தால் அது பொய் சொல்லும்.

வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். வேறு வழியில்லையென்றால் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். மழை அடிக்கும் பக்கத்துச் சுவர் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். ஏர்கானுக்கு நேர் கீழே எதையும் வைக்காதீர்கள், அது என்றைக்காவது ஒழுகும். மாலை மூன்று மணி நேரம் ஏர்கானைப் போட்டு நிறுத்திவிட்டுப் போவது தாளுக்கு நல்லதல்ல. குளிர்ந்த அட்டையின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வந்து படியும். ஈரமுறிஞ்சி இயந்திரத்தை இரவிலும் ஓடவிட்டு, மின்விசிறியால் காற்றை நகர்த்துவது மேல். வீட்டு ஷெல்டர் அறையில் (அவசரகாலத்தில் ஒதுங்கக் கட்டிய கெட்டிச்சுவர் அறை) அடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். காற்றோட்டம் குறைந்த அறை, இதழுக்கு ஆகாது.

தீயணைப்பு நீர்த்தெளிப்பான் இருக்கும் அறையில் அதன் தலைக்குக் கீழே அரை மீட்டராவது காலியாக விடவேண்டும். கூரை 2.6 மீட்டர் என்றால் அலமாரியின் உச்சியில் இருக்கும் பொருளையும் சேர்த்து 2.1 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அப்போது மேலே போட்ட கணக்கில் ஒவ்வோர் அளவிலும் அலமாரிக்கு ஒரு தட்டு குறையும், மறந்துவிடாதீர்கள். நடைபாதை 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி திரும்ப ஒரு முனையிலாவது ஒன்றரை மீட்டர் வேண்டும். வெளியேறும் வழியில் பெட்டி அடுக்குவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை, கட்டட நிர்வாகம் வந்து சொல்லும்.

7. செய்தித்தாள் பைண்டு

60 செ.மீ. உயரம், 40 அகலம், 5 தடிமன் உள்ள ஒரு பைண்டு ஏழெட்டு கிலோ. நிறுத்தினால் உள்தாள்களின் எடை கீலை இழுத்து அட்டையிலிருந்து பிய்த்துவிடும். திறக்கும் ஓரம் கீழே வரும்படி சாய்த்து வைப்பது அதைவிட மோசம், ஆனால் எங்கும் அதைத்தான் செய்கிறார்கள். படுக்க வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மிஞ்சினால் மூன்று.

இதற்கு நூலக அலமாரி ஒத்துவராது. தட்டு 45 செ.மீ. ஆழமும் 65 செ.மீ.க்கு மேல் அகலமும் உள்ள, கனம் தாங்கும் கிடங்கு அலமாரி ஒன்று தனியாக வாங்குங்கள். தட்டு இடைவெளி 20 செ.மீ. போதும். பைண்டின் எந்தப் பகுதியும் தட்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. இடுப்பு உயரத்துக்கு மேல் அடுக்காமல், அலமாரியின் தலையையே மேசையாக விட்டுவிட்டால் எடுத்த இடத்திலேயே விரித்துப் படிக்கலாம். எட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு அறைக்குக் குறுக்கே நடக்க வேண்டியதில்லை.

8. இப்போது வாங்குங்கள்

இரும்பு, பவுடர் பூச்சு. மரம் வேண்டாம்: கரையானுக்கு விருந்து, ஒட்டுப்பலகை ஈரத்தில் தொய்யும். தூண் துளைகள் முடிந்தவரை நெருக்கமாக இருக்க வேண்டும். 5 செ.மீ.க்கு ஒன்று என்றால் நாம் போட்ட 355 நடக்காது, 400 ஆகிவிடும், ஆறு தட்டு ஐந்தாகும். நூலக அலமாரி என்ற பெயரில் வரும் பலவற்றில் துளை எண்ணிப் பார்த்தால்தான் இது தெரியும்.

தட்டின் ஆழம் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் 25 செ.மீ., பெரியதற்கு 30. தேவைக்கு மேல் ஆழம் இருந்தால் புத்தகங்கள் உள்ளே போய்விடும், பின்னால் இரண்டாவது வரிசை ஒளிந்துகொள்ளும். தட்டு ஒவ்வொன்றும் குறைந்தது 60 கிலோ தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள், பளபளப்புத் தாள் நிறைய இருந்தால் 80. பின்புறம் குறுக்குக் கம்பி இருக்க வேண்டும், உச்சியைச் சுவரோடோ எதிர் அலமாரியோடோ இணைக்க வேண்டும். மேல்மூடி தனி விலை என்பார்கள். வாங்கிவிடுங்கள், கூரை ஒழுகும் நாளில் அதன் விலை திரும்பிவிடும்.

தொகுதிகள் சாயாமல் ஓரத்தில் நிறுத்தும் தாங்கியைத் தட்டுக்கு ஒன்று என்று கணக்கிடாதீர்கள், இதழ் மாறும் இடத்தில் எல்லாம் ஒன்று வேண்டும். தொகுதியின் உயரத்தில் பாதிக்கு மேல் உயரமான தாங்கியாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய தகட்டுத் தாங்கி பைண்டின் உள்ளே கத்திபோல் புகுந்து தாளைக் கிழிக்கும்.

9. அடுக்குதல்

தரையில் ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். உச்சித்தட்டுக்கு அனுப்பியவை போக, ஒவ்வோர் அளவுக்குள்ளும் இதழின் பெயர் அகரவரிசையில், பெயருக்குள் ஆண்டு, தொகுதி. பட்டியலைக் கணினியில் போட்டு வரிசைப்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ஜ எழுத்து சவுக்கும் ஞவுக்கும் இடையே வரும், ற எழுத்து ரவை ஒட்டி வரும், ழவும் ளவும் வவுக்கு முன்னால் வரும். அகராதி பார்த்துப் பழகியவர் ஜவைக் கடைசியில் தேடுவார். எந்த வரிசை என்று ஒருமுறை முடிவெடுத்து, அலமாரியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதுகு லேபிள் எல்லாம் கீழிலிருந்து ஒரே உயரத்தில், 5 செ.மீ. மேலே, ஒட்டினால் கண் ஒரு கோட்டில் ஓடும். இதழின் பெயர், ஆண்டு, மாதங்கள். "தொகுதி 14" என்று மட்டும் போட்டால் வாசகர் கைவிரலில் ஆண்டு கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பார். பசை டேப் வேண்டாம், ஓரிரு ஆண்டில் ஓரம் சுருண்டு பக்கத்துத் தொகுதியோடு ஒட்டும். தாள் லேபிளும் மாவுப்பசையும் நிற்கும், ஆனால் பூச்சிக்கு அது தின்பண்டம். நூலகப் பசை என்று விற்கும் வெள்ளைப் பசையே போதும்.

பூச்சி பற்றிச் சொன்னதால்: நன்கொடையாக வந்த பெட்டியை நேரே அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். வேறோர் அறையில் பிரித்து, ஒவ்வொன்றையும் திறந்து உதறி, வெள்ளிப்பூச்சியோ கரப்பான் முட்டையோ இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து, அதற்குப் பிறகு ஏற்றுங்கள்.

தட்டுகளைக் கீழிருந்து மேலாக நிரப்புங்கள், மேல் பாரம் முதலில் ஏறினால் அலமாரி ஆடும். அப்புறம் ஓர் ஆறு மாதம் கழித்து ஒரு சுற்று வாருங்கள். திருகுகள் தளர்ந்திருக்கும், சில தாங்கிகள் நகர்ந்திருக்கும், யாராவது ஒரு மலரைச் சிறிய தட்டில் குறுக்கே செருகியிருப்பார்கள். எந்த இதழ் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். பட்டியலில் அந்த இதழின் எதிரே புதிய தடிமனை எழுதி, அதன் பின்னால் நிற்கும் நின்றுபோன இதழ்களை அடுத்த தட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.